சின்ன ரூமில் குடியிருக்கும் உல்லன்

அன்பும் பிடிவாதமும் சரிசமமாகக் கலந்த தங்கை கட்டெறும்புக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அண்ணியும், உல்லன் நூலும் சௌக்கியமாக இருக்கிறோம். மூவரில் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருவது மூன்றாவது ஆசாமிதான். நீ அங்கே முட்டிவலி குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் சண்டை போடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் அவ்வளவாக நம்பவில்லை.

கைக்கு ஒரு போன் இருக்கிற காலத்தில் இந்தக் கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரணம் நீதான். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள், "சரிண்ணா, பாக்கலாம்ணா, குக்கர் விசில் அடிக்குது" என்று வைத்துவிடுகிறாய். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் உன் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒற்றை ஆள் சமையலுக்கு இத்தனை விசில் எதற்கு? கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பேசிக்கொண்டே போகலாம், நீ படித்துக்கொண்டே வர வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட லேபில் பாட்டிலும் குடுவையுமாகக் காலம் தள்ளி ரிட்டயர் ஆகிவிட்டாய். குவார்ட்டர்ஸை இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். இங்கே அண்ணன் வீடு கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது, ஏதோ சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை ரூம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாம். "இன்னும் முடிவு பண்ணலண்ணா" என்றாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நீ ஏன் அப்படிச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன தடவை நீ வந்திருந்தபோது, "ரூம் எங்கண்ணா?" என்று கேட்டாய். நான் சின்ன ரூமின் கதவைத் தள்ளினேன். அது கையளவு திறந்து நின்றுவிட்டது. நீ அந்த இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஹால் சோபாவில் படுத்தாய். மறுநாளே இடுப்பு வலி என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாய். நாத்தனார் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அண்ணி கதவுக்குப் பின்னால் எதையோ முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நீ நினைத்திருக்கலாம். கட்டெறும்பு, சத்தியமாகச் சொல்கிறேன், முட்டுக் கொடுத்தது உன் அண்ணி இல்லை. உல்லன்.

உன் அண்ணி பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே மேஜைக்குக் கீழே ஸ்வெட்டர் பின்னியவள் என்பது உனக்குத் தெரியும். உள்ளே ஒருத்தர் கத்துவார், வெளியே இவள் ஊசி வேகமாக ஓடும். அதெல்லாம் தப்பில்லை. ஆனால் பின்னுவது ஒரு பழக்கம், நூல் வாங்குவது வேறொரு பழக்கம், இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு தனித்தனி வியாதிகள் என்பது எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. யாராவது உண்டாகியிருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், மூன்று உருண்டை வாங்கிவிடுவாள். அந்தக் குழந்தை பிறந்து, வளர்ந்து, மீசை முளைத்த பிறகும் அந்த மூன்று உருண்டை அப்படியே இருக்கும். கேட்டால், "இந்தக் கலர் மறுபடி கிடைக்காதுங்க" என்பாள். கிடைக்காத கலர் எல்லாம் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஊரில் மற்றவர்களுக்குக் கிடைக்காததற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

உன் ஒற்றை ரூம் சமாசாரத்தை அவளிடம் சொன்னேன். அப்போது அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்தினாள். என் கல்யாண வாழ்க்கையில் அவள் பாதி உருண்டையில் நிறுத்தியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன சொல்றீங்க? அவ போய் சைக்கிள் கடை மேல தனியா கெடக்கறதா? நாத்தனாருக்கு ஒரு ரூம் குடுக்க முடியாதவன்னு எனக்கு ஒரு பேரா?"

"ரூமைத்தான் நீ உல்லனுக்குக் குடுத்துட்டியே" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்று, ஏதோ பதவிப் பிரமாணம் எடுப்பது போல, வீட்டில் இருக்கிற அத்தனை நூலையும் பின்னித் தீர்க்கிற வரைக்கும் ஒரு முழம் புது நூல்கூட வாங்குவதில்லை என்று சொன்னாள். தூக்கிப் போடலாமே என்று நான் சொல்லவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது.

முதல் வேலையாக, சிதறிக் கிடக்கும் நூலையெல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. சின்ன ரூமில் இருப்பதுதான் மொத்தச் சரக்கு என்று இத்தனை நாளும் நான் வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருந்தேன். அது வெறும் வாசல் என்று அப்புறம்தான் தெரிந்தது. பரண் மேல் மிக்ஸி வந்த பெட்டியில் உல்லன். மகள் வெளியூர் போகும்போது விட்டுப்போன சூட்கேஸில் உல்லன். புத்தக அலமாரியில் முன்வரிசைப் புத்தகங்களுக்குப் பின்னால், போலீசுக்குப் பயந்தவன் பதுங்கியிருப்பது போல உல்லன். கம்பெனியில் அளவு பார்த்த என் வெர்னியர் கருவியைத் தேடி டூல் பாக்ஸைத் திறந்தால், அது ஒரு அரைகுறை சாக்ஸுக்குள் படுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, நான் தலை வைத்துப் படுக்கும் தலையணை. இரண்டு வருஷமாகக் கழுத்து வலி என்று டாக்டரிடம் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறேனே, அந்த உறைக்குள் பஞ்சே கிடையாது. ஆரஞ்சு கலர் உல்லன். "மெத்துனுதானே இருந்துச்சு?" என்கிறாள் உன் அண்ணி. எல்லாவற்றையும் சின்ன ரூமில் கொண்டுபோய்க் கொட்டினோம். கையளவு திறந்துகொண்டிருந்த கதவு அதற்கப்புறம் சுத்தமாகத் திறக்கவில்லை. ரூமைக் காலி பண்ணக் கிளம்பியவர்கள் முதல் நாளிலேயே ரூமுக்குச் சீல் வைத்துவிட்டோம்.

சரி, பின்ன ஆரம்பித்தாள். முதல் போணி நான். ஆளும் கொஞ்சம் பெரிய ஆள், நூலும் நிறையப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டாள். போல்ட், நட் கம்பெனியில் காலமெல்லாம் தரம் பார்த்தவன் என்ற முறையில், "முதல்ல ஒரு மாதிரித் துண்டு பின்னி, அளவு பாத்துட்டு அப்புறம் ஆரம்பி" என்றேன். "உங்களை எத்தனை வருஷமா பாக்கறேன், எனக்கு அளவு தெரியாதா?" என்றாள். ஸ்வெட்டர் முடிந்தது. கைகள் முட்டியைத் தொட்டன. உடம்புக்குள் என்னோடு எதிர்வீட்டு பேங்க்காரரும் தாராளமாகக் குடியிருக்கலாம். ஆனால் கழுத்து மட்டும் கைக்குழந்தைக்கு அளவெடுத்தது. தலையைப் பாதி நுழைத்த பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. உள்ளேயிருந்து நான் போட்ட சத்தத்தில், யாரையோ அடிக்கிறார்கள் என்று எதிர்வீட்டு பேங்க்காரர் ஓடி வந்தார். வந்தவர் என் காலைப் பிடிக்க, உன் அண்ணி ஸ்வெட்டரைப் பிடிக்க, இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தார்கள். எனக்கு இப்போது காது கொஞ்சம் மேலே ஏறியிருப்பதாக ஒரு சந்தேகம்.

அந்த ஸ்வெட்டரை அவிழ்த்தாயிற்று. இங்கேதான் ஒரு விஞ்ஞான உண்மையை உனக்குச் சொல்ல வேண்டும், நீ லேபில் இருந்தவள், உனக்குப் புரியும். பின்னி அவிழ்த்த நூல் பழையபடி அடக்கமாக உருண்டைக்குள் போகாது. நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு, புது நூலைப்போல இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். ஆக, பத்து நாள் உழைத்து ஒரு ஸ்வெட்டர் பின்னியதில் எங்கள் கையிருப்பு கூடியது.

அடுத்தது பச்சை. பச்சையில் நிறைய இருக்கிறது, அதில் ஒரு சால்வை போடலாம் என்றாள். ரொம்ப சரி என்றேன். பாதியில், வெறும் பச்சையாக இருக்கிறது, ஓரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு ஓடினால் பச்சை எடுப்பாக இருக்கும் என்றாள். வீட்டில் இருக்கிற மஞ்சள் எல்லாம் வேறு மஞ்சளாம். கடைக்குப் போய் ஒரே ஒரு மஞ்சள் உருண்டையோடு வந்தாள். "சத்தியம் என்னாச்சு?" என்று கேட்டேன். "இது புதுசு இல்லீங்க. பழசுக்குத் துணை" என்றாள். கோடு போட்டதும் மஞ்சளில் முக்கால் உருண்டை மிச்சம். முக்கால் உருண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதைத் தீர்க்க ஒரு பழுப்பு வேண்டும். பழுப்பில் பாதி மிச்சம். மிச்சத்தைத் தீர்க்க வாங்கி, வாங்கியதில் மிச்சமாகி, அந்த மிச்சத்துக்கு மறுபடி வாங்கி, இது ஆதி அந்தம் இல்லாத சமாசாரம் கட்டெறும்பு. நான் மூன்றாவது தடவை கடை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். அவருடைய மரியாதையில் ஒரு நன்றியுணர்ச்சி தெரிந்தது.

இதற்கு நடுவில், தானமாகக் கொடுத்தால் புண்ணியமும் ஆச்சு, ரூமும் ஆச்சு என்று ஒரு யோசனை வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் குல்லாய். கைக்கடக்கமான வேலை, சட்டுச் சட்டென்று முடியும். ஒரு பை நிறையப் பின்னிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பெரிய நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என் கம்பெனியில் ஒரு இன்ஸ்பெக்டர்கூட அவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததில்லை.

"மனசுக்கு ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இது பச்சைக் குழந்தைக்குக் குத்தும். இந்த சிவப்பெல்லாம் சாயம் போச்சுன்னா, குழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தாய்க்காரி மயக்கம் போட்டுருவா. வெள்ளையில, நல்லா மெத்துனு இருந்தா கொண்டாங்க, எத்தனை இருந்தாலும் வாங்கிக்கறோம்."

கட்டெறும்பு, அந்த ரூமில் இல்லாத நிறம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளை. திரும்பி வரும்போது என் கையில் வேண்டாமென்று வந்த குல்லாய்ப் பை, அவள் கையில் வெள்ளை உல்லன் பை. அப்புறம் வெள்ளையில் பின்னிய குல்லாய் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் வெள்ளையிலும் மிச்சம் இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியில் நானே களத்தில் இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் பின்னத் தெரிந்தவர்கள் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வந்தார்கள். கீழ்வீட்டு டைலர் வந்தார், பேங்க்காரர் வீட்டம்மா வந்தார்கள், மொட்டை மாடி வீட்டு ரிட்டயர்டு டீச்சர் வந்தார்கள். மூன்று பேருமாகக் கதவைத் தள்ளித் திறந்து, ரூம் வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்தார்கள். "அடேயப்பா" என்றார் டைலர். ஆளுக்கொரு உருண்டையை மரியாதைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால், கைப்பிடியில் மூன்று பை தொங்குகிறது. டைலரைப் பிடித்துக் கேட்டேன். "எங்க வீட்டுலயும் சும்மா கெடந்துச்சு சார். உங்க வீட்டம்மா இவ்வளவு பண்றாங்க, அவங்களுக்குத்தான் உபயோகமாகும்னு..." என்று பல்லைக் காட்டினார். டீச்சரம்மா பையில் கூடுதலாக இரண்டு ஊசியும் இருந்தது. நான் திருப்பிக் கொடுக்கப் போனால், "கொடுத்ததைத் திருப்பிக் குடுக்கறது நல்லா இல்லைங்க" என்று உன் அண்ணி பைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

மனுஷர்கள் எல்லாருக்கும் ஆகிவிட்டதால் அப்புறம் சாமான்களுக்கு உடுப்பு தைக்கும் படலம் தொடங்கியது. கேஸ் சிலிண்டருக்குச் சட்டை. டீவி ரிமோட்டுக்குப் பை. குடைக்கு உறை, உறைக்கு ஒரு மாட்டும் வளையம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் சாக்ஸ். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தரை வழவழா டைல்ஸ். பேங்க்காரர் ஒரு நாள் காது எப்படி இருக்கிறது என்று என்னை விசாரிக்க வந்து, வழக்கம்போல் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே ஹாலைக் கடந்து, சமையலறை வாசல் வரை பயணம் போய், அங்கே உன் அண்ணியிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டார். கரெண்ட் ரீடிங் எடுக்க வந்த பையன் மாடிப்படிக்குக் கீழே ரொம்ப நேரம் தேடிவிட்டு மேலே வந்து கதவைத் தட்டினான். "சார், உங்க மீட்டருக்குக் குளிருதா?" என்று கேட்டான். போய்ப் பார்த்தால், மீட்டர் நீலக் கோடு போட்ட ஸ்வெட்டரில் கழுத்து வரை மூடிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். மாதம் ஓடுகிறது, நீ சைக்கிள் கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அப்புறம் உன்னை அசைக்க முடியாது, நாங்கள் மீட்டருக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இனிமே சின்னச் சின்ன வேலை எல்லாம் வேணாம். ஒரே வேலை. அவ கட்டிலுக்கு ஒரு போர்வை. இருக்கற நூல் அத்தனையும் அதுலதான் போகணும். கலர் பொருந்துதா, ஓரம் எடுப்பா இருக்கான்னு எல்லாம் பாக்கப்படாது. எனக்கும் சொல்லிக் குடு, நானும் பின்னறேன்" என்றேன். உன் அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் டீச்சரம்மா கொடுத்த ஊசியை என் கையில் வைத்தாள்.

நீ சிரிக்காதே. எனக்குப் பின்னல் வந்துவிட்டது. நீள நீளமான பட்டைகளாக ஆளுக்கொன்று பின்னுவது, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பது என்று ஏற்பாடு. ஜன்னல் ஓரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டோம். டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேச்சில்லாத வேலை. அவள் பின்னுவது தளர்வாக, ஆற்றோட்டமாகப் போகும். நான் பின்னுவது போல்ட் முறுக்கிய மாதிரி இறுக்கம். ஊசியே உள்ளே நுழையாமல் இரண்டு தடவை குறடு வைத்து இழுத்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வெர்னியர் வைத்து அகலம் பார்த்தேன். என் பட்டை தலையிலிருந்து கால் வரை மயிரிழை பிசகாமல் ஒரே அகலம். ஆனால் அவள் பட்டையில் பாதி அகலம்தான் இருந்தது. "அளவு பிசகலைங்க, ஒத்துக்கறேன். ஆனா இது போர்வை இல்லை, பெல்ட்" என்றாள்.

இனிமேல் எழுதப் போவதுதான் எழுதச் சங்கடமானது. உன் அண்ணி பல்லைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் தனி. அவள் முடித்து மடித்து வைத்த பெரிய பட்டை ஒன்று மேஜையில் இருந்தது. சும்மா இருக்கிறவன் சும்மா இருந்திருக்கலாம். எடுத்து விரித்து, பழைய புத்தியில் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையிலிருந்து சோதித்துக்கொண்டு வந்தேன். ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி தப்பு. உள்ளே போக வேண்டியது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு கண்ணிதான். எத்தனை லட்சம் போல்ட் பார்த்த கண், அதை எப்படி விடும்? சரி பண்ணி வைத்துவிடலாம், அவள் வந்தால் சந்தோஷப்படுவாள் என்று முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். பின்னல் கடைசியிலிருந்துதான் அவிழும், தப்பு முதலில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்டை முழுவதும் என் மடியில் நூடுல்ஸாக வந்து விழுந்துவிட்டது. அப்போது கதவு திறந்தது.

உன் அண்ணிக்குப் பல்லில் மருந்து வைத்து வாய் மரத்துப் போயிருந்தது. அதனால் திட்டு விழவில்லை என்று முதலில் நினைத்தேன். மருந்து இறங்கிய பிறகும் பேசவில்லை. டீ வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தப்பு இருந்தது, கம்பெனியாக இருந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றுகூடச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"போல்ட்டா நட்டாங்க இது?" என்று திரும்பினாள். "அவ வந்து போத்திக்கப் போறது. ஒரு கண்ணி தப்பா இருந்தா அது வழியா குளிர் உள்ள வந்துடுமா? நானே ஆயிரம் தப்போட இருக்கேன், என்னை அவுத்து அவுத்தா சரி பண்ணீங்க? அவ போன தடவை ஒரு வார்த்தை சொல்லாம சோபாவுல படுத்துட்டுப் போனாளே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே சரியா இல்லை. அவ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு நான் ஓடிட்டிருக்கேன், நீங்க பின்னாலேயே வந்து அவுத்துட்டு இருக்கீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது கட்டெறும்பு. வாழ்க்கையில் ஒரு போல்ட்டும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அந்தச் சுருட்டை நூலை எடுத்து, அவள் பட்டையை நானே திரும்பப் பின்ன உட்கார்ந்தேன். அவள் மாதிரித் தளர்வாக வருவதற்கு வெர்னியரைப் பரணில் போட வேண்டியிருந்தது. என் பட்டையில் இப்போது எத்தனை தப்பு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எண்ணவில்லை. மூன்றாம் நாள் அவள் தன் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த எடத்துல விரலை இப்படிப் பிடிங்க" என்றாள். அப்புறம் வேலை பறந்தது.

முடித்துவிட்டோம். நேற்றுத்தான் கடைசித் தையல் போட்டாள். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, மஞ்சளுக்குத் துணையாக வந்த பழுப்பு, நர்ஸம்மா புண்ணியத்தில் வந்த வெள்ளை, டைலர் தலையில் கட்டிய ஊதா, எல்லாம் அதில் அடக்கம். பார்த்தால் கண் கூசும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். போர்த்திக்கொண்டால் புரண்டு படுக்க முடியாது, ஆனால் கட்டாயம் குளிராது. வீட்டில் இனி ஒரு முழம் உல்லன்கூட இல்லை. சின்ன ரூமை நீ பார்க்க வேண்டும். கதவு சுவர் வரைக்கும் திறக்கிறது. உள்ளே பேசினால் எதிரொலிக்கிறது. தரையைக் கழுவி, ஜன்னல் கம்பியைத் துடைத்து, கட்டிலைப் போட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் காற்று நன்றாக வரும். உன் மருந்து டப்பாவுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்திருக்கிறேன். ராத்திரி எழுந்தால் தடுக்காமல் இருக்கச் சுவிட்சைக் கட்டில் பக்கமே மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்தாயிற்று.

"அவ அந்த சைக்கிள் கடை ரூமுக்குப் போனா, நானும் பெட்டியைக் கட்டிக்கிட்டு அவகூடப் போயிடுவேன்னு எழுதுங்க" என்று உன் அண்ணி பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்குச் சமையல் தெரியாது. ஆகவே உனக்காக இல்லாவிட்டாலும் என் வயிற்றுக்காகவாவது நீ யோசிக்க வேண்டும். நீ யாருக்கும் பாரம் இல்லை. இந்த வீட்டில் பாரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் பின்னி மடித்து வைத்துவிட்டோம். அந்தச் சைக்கிள் கடைக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாதம் முடிவதற்குள் வந்து சேர்.

உன் முட்டி உன் சொல் பேச்சுக் கேட்கட்டும். குக்கர் ஓயட்டும். உன் அண்ணி தன் அன்பையும், எனக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் போனில் பேசுகிற வழக்கமான சமாசாரங்களுக்கான பதில்களையும் சொல்லச் சொன்னாள். பேங்க்காரரும் விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் வருகையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு எச்சில் தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் பார்சல் ஆபீஸ் வண்டி வந்து நின்றது. ஒன்பது பெட்டி. எல்லாவற்றிலும் உன் கையெழுத்தில் நம் வீட்டு விலாசம். ஒரு வார்த்தை சொல்லாமல் சாமானைக் கட்டி அனுப்பிவிட்டாய்! நான் இங்கே பக்கம் பக்கமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நீ வருவதாக முடிவு பண்ணிவிட்டாய். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், உன் அண்ணி விடவில்லை. பாத்திரம், புத்தகம் ஏதாவது இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினேன். அவ்வளவு பெரிய பெட்டி, ஒரு கனமும் இல்லை. இரண்டாவது பெட்டி படியில் இடித்து மூலை பிளந்தது. உள்ளேயிருந்து ஒரு நீல உருண்டை வெளியே வந்து, படி படியாக இறங்கி, டைலர் வீட்டு வாசலில் போய் நின்றது.

ஒன்பதும் உல்லன். என்றைக்கடி ஆரம்பித்தாய்? குக்கருக்குப் பின்னால் இத்தனை நாளும் இதுதான் நடந்ததா? உன் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள். "இவளும் நம்ம ஆளுதாங்க! இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே! இந்த நீலம் எந்தக் கடைங்க, கேட்டு எழுதுங்க" என்கிறாள். பெட்டிகளை எல்லாம் அவளே பிரித்து, தரம் வாரியாகச் சின்ன ரூமில் அடுக்கிவிட்டாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாயிற்று. போர்வையைக் கடைசியில் மேலே எறிந்தோம். கதவு கையளவுதான் திறக்கிறது.

அதனால் மேலே எழுதியதில் ரூமைப் பற்றிய பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். எங்கள் பெட்ரூமில் நீயும் அவளும் படுத்துக்கொள்ளுங்கள், நான் சோபாவுக்குப் போகிறேன். பெட்ரூம் சுவிட்சையும் உன் பக்கமாக மாற்ற எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாயிற்று. எனக்கு ஒரு குறையும் இல்லை. உல்லனை முன்னால் அனுப்பியவள் பின்னால் வராமல் இருக்க மாட்டாள், அது போதும். ஒரே ஒரு வேண்டுகோள் கட்டெறும்பு: வரும்போது, அண்ணன் வீட்டுக்குப் போகிறோமே என்றெல்லாம் பார்க்காதே. தயவுசெய்து வெறுங்கையோடு வா.